ஸ்பானிய இசையைக் கேட்க கிட்டாரின் பின்னால் போங்கள்

கேள்வி இதுதான்: "பாக், விவால்டி, மொஸார்ட், பீத்தோவன் எல்லாம் ஓரளவு கேட்டாயிற்று. ஸ்பெயின் என்று தேடினால் அல்பெனிஸ், ரோட்ரிகோ என்று பிற்காலத்து ஆட்கள்தான் வருகிறார்கள். பரோக் காலம் தொடங்கி ரொமான்டிக் காலத்தின் ஆரம்பம் வரை அங்கே யாருமே இல்லையா? இருந்தால் எதிலிருந்து தொடங்குவது?"

இருக்கிறார்கள், நிறையவே இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் தேடும் முறையில் அவர்கள் அகப்பட மாட்டார்கள். நானும் முதலில் அப்படித்தான் தேடினேன். ஜெர்மனிக்கு ஒரு பாக் இருப்பதுபோல் ஸ்பெயினுக்கு ஒரு பாக் இருக்க வேண்டும், ஆஸ்திரியாவுக்கு ஒரு மொஸார்ட் இருப்பதுபோல் இங்கேயும் ஒருவர் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, ஓர் ஆர்கன் தொகுப்பை வாங்கி இரண்டு வாரம் முட்டி மோதிவிட்டு விட்டுவிட்டேன். பல மாதம் கழித்துத்தான் வேறு வாசல் ஒன்று இருப்பது தெரிந்தது. அந்த வாசல் கிட்டார்.

கிட்டார் இசையை மட்டும் கேளுங்கள் என்று சொல்லவில்லை. இந்த நூற்றெழுபது எண்பது ஆண்டு ஸ்பானிய இசையில், கிட்டார் இல்லாத இடத்திலும் கிட்டாரின் கை இருக்கிறது. ஹார்ப்சிகார்டு, அதாவது பியானோவுக்கு முந்திய, தந்திகளை மீட்டி ஒலிக்கும் விசைப்பலகைக் கருவி, அதை வாசிக்கிறவர் கிட்டாரை நினைத்துக்கொண்டு வாசிக்கிறார். செல்லோ கிட்டாராக நடிக்கிறது. எல்லாத் தந்திகளையும் ஒரே வீச்சில் விரல்களால் உரசிவிடுவதை ரஸ்கெயாடோ என்பார்கள். ஒவ்வொரு தந்தியாகத் தனித்தனியே மீட்டுவது புன்டெயாடோ. இந்த இரண்டையும் காது பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

சரி, முதலில் கேட்க வேண்டியது எது? கால வரிசையை மறந்துவிடுங்கள். பொக்கெரினியின் 'மாட்ரிட் தெருக்களின் இரவு இசை' என்ற குவின்டெட்டைக் கேளுங்கள். ஓபஸ் 30, எண் 6 (ஓபஸ் என்பது படைப்புகளுக்கு இடும் வரிசை எண்). இரண்டு வயலின், ஒரு வியோலா, இரண்டு செல்லோ, அவ்வளவுதான். கால் மணி நேரம்கூட ஆகாது.

லூயிஜி பொக்கெரினி இத்தாலிக்காரர், 1743-ல் லூக்காவில் பிறந்தவர், பெரிய செல்லோ வித்வான். 1768-ல் ஸ்பெயினுக்கு வந்தவர் 1805-ல் மாட்ரிட்டிலேயே இறந்தார். மன்னர் மூன்றாம் கார்லோஸின் தம்பி இளவரசர் லூயிஸிடம் அவருக்கு வேலை. அந்த இளவரசர் தன் தகுதிக்குக் குறைவான இடத்தில் திருமணம் செய்துகொண்டதால் தலைநகரத்தை விட்டு விலகி, அரேனாஸ் டெ சான் பெட்ரோ என்ற சிறிய ஊரில் போய் இருக்க வேண்டியதாயிற்று. பொக்கெரினியும் கூடவே போனார். இந்தக் குவின்டெட் அங்கே இருந்தபோது, 1780 வாக்கில் எழுதியது. அதாவது மாட்ரிட்டின் இரவுச் சத்தங்களை அவர் தூரத்தில் இருந்துகொண்டு ஞாபகத்திலிருந்து எழுதுகிறார்.

முதலில் கோயில் மணிகள். அப்புறம் படை வீரர்களின் முரசு. அதற்கடுத்து வருவதுதான் நான் சொல்லவந்த இடம்: 'குருட்டுப் பிச்சைக்காரர்களின் மினுயெட்'. இங்கே செல்லோக்காரர்கள் இருவரும் வில்லை வைத்துவிட்டு, செல்லோவைக் குறுக்கே மடியில் படுக்கவைத்து, நகத்தால் கிட்டார்போல உரச வேண்டும் என்று பொக்கெரினியே ஏட்டில் எழுதியிருக்கிறார். கச்சேரியில் வாசித்தால் நேரில் காண வேண்டும். இவ்வளவு பெரிய கருவியை மடியில் வைத்தால் பிடி வசப்படாது, சத்தமும் கொஞ்சம் கரடுமுரடாகத்தான் வரும். அந்தக் கரடுமுரடுதான் வேண்டும். மாட்ரிட் தெருமுனையில் பழைய கிட்டாரோடு நிற்கிற பார்வையற்ற பாடகர்கள் அரண்மனை நடனமான மினுயெட்டை வாசிக்கிறார்கள். அவர்களைக் கேலி செய்யும் தொனி எனக்கு அதில் கேட்கவில்லை. அந்த மெட்டு நிஜமாகவே அழகாக இருக்கிறது.

கடைசிப் பகுதி இரவுக் காவல் படை திரும்பிப் போவது. ஒரே மெட்டு, திரும்பத் திரும்ப. ரொம்ப மெதுவாக, தூரத்தில் ஆரம்பிக்கும். நெருங்கி வரும். உங்கள் ஜன்னலுக்குக் கீழே வரும்போது முழுச் சத்தம். அப்புறம் தெருக்கோடியில் தேய்ந்து மறையும். ஹெட்போனில் கேட்டால் ஆரம்பத்தில் ஒன்றும் கேட்கவில்லையே என்று சத்தத்தைக் கூட்டிவிடாதீர்கள், நடுவில் காது வலிக்கும்.

ஸ்பெயினுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது புரியாது, வாசிக்கவும் வராது என்று பொக்கெரினி தன் பதிப்பாளருக்கு எழுதினார். அவர் பயந்த மாதிரி ஆகவில்லை. ஹோர்டி சவால் தன் குழுவோடு செய்த பதிவு நன்றாக இருக்கும். தெருவின் புழுதியைத் துடைத்துவிடாமல் வாசிக்கிறார்கள்.

இது பிடித்திருந்தால் இப்போது நூறு ஆண்டு பின்னால் போகலாம்.

காஸ்பர் சான்ஸ் 1674-ல் சரகோசாவில் ஸ்பானிய கிட்டாருக்கு ஒரு பயிற்சி நூல் வெளியிட்டார். அரகான் பகுதியில் கலாந்தா என்ற ஊரில் பிறந்தவர், இத்தாலிக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர். அந்தக் கால கிட்டார் இன்றைய கிட்டார் இல்லை. உடல் சிறியது, இடுப்பு குறுகலானது. குடலால் செய்த தந்திகள், ஐந்து வரிசை, பெரும்பாலும் வரிசைக்கு இரண்டு தந்தி. சத்தம் மெலிதாக, கொஞ்சம் மணிச்சத்தம் கலந்து வரும். சான்ஸ் தன் நூலில் எழுதிவைத்தவை எல்லாம் அன்றைய நடனங்கள்: ஹக்காரா, எஸ்பன்யோலெட்டா, ஃபோலியா, பவானா, கனாரியோஸ்.

கனாரியோஸை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை இரண்டு நிமிடம்தான். கேட்கும்போது கையால் தட்டுங்கள். முதல் ஆறு தட்டு மூன்று மூன்றாகப் பிரியும், அடுத்த ஆறு இரண்டு இரண்டாகப் பிரியும். நம் சொற்கட்டில் சொன்னால் தகிட தகிட தக தக தக. அது முடிந்ததும் மறுபடி தகிட தகிட தக தக தக. மொத்தம் பன்னிரண்டு, வேகம் மாறாது, பிரிவு மட்டும் மாறுகிறது. கால் எங்கே விழ வேண்டும் என்பதில் ஒரு சின்னத் தடுமாற்றம் வந்துகொண்டே இருக்கும், அதுதான் இதன் சுகம். இந்த மூன்றும் இரண்டும் மாறி மாறி வருகிற நடை ஸ்பானிய இசையில் எங்கே போனாலும் உங்களைத் தேடி வரும். இந்த ஒரு துண்டில் அதைப் பழகிக்கொண்டால் பிறகு ஸ்கார்லாட்டியிலும் சட்டென்று தெரிந்துவிடும்.

ஒருவேளை கனாரியோஸ் ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்த மெட்டாகவே இருக்கலாம். ரோட்ரிகோ 1954-ல் கிட்டார் மேதை செகோவியாவுக்காக எழுதிய 'ஒரு கனவானுக்கான ஃபான்டசி' முழுக்க முழுக்க சான்ஸின் துண்டுகளிலிருந்து கட்டியது, அதன் கடைசிப் பகுதி இதுதான். அதைக் கேட்டிருந்தாலும் பழைய கிட்டாரில் ஹாப்கின்ஸன் ஸ்மித் வாசித்திருக்கும் சான்ஸைக் கேளுங்கள். ஆர்கெஸ்ட்ராவின் பளபளப்பு போனதும் மெட்டு இன்னும் துடுக்காக இருக்கும்.

சான்ஸுக்கு அடுத்த தலைமுறை சான்டியாகோ டெ முர்சியா. மாட்ரிட்காரர். அவருடைய கிட்டார் ஏடுகளில் முக்கியமான சில மெக்ஸிகோவில்தான் கிடைத்தன. அதில் 'கும்பே' என்ற ஆப்பிரிக்க அடிமைகளின் நடனம் இருக்கிறது. அதில் கிட்டாரின் பலகையையே கையால் தட்ட வேண்டும் என்று குறியிட்டிருக்கிறது. ஸ்பெயினின் கப்பல்கள் எங்கெல்லாம் போயினவோ அங்கிருந்தெல்லாம் தாளங்கள் திரும்பி வந்தன. அடிமை வியாபாரத்தின் கொடுமையோடு சேர்ந்து வந்த தாளங்கள் இவை, அதை மறந்துவிட்டு ரசிக்க என்னால் முடிவதில்லை. ரால்ஃப் லிஸ்லெவாண்ட் இந்த முர்சியாவைத் தாள வாத்தியங்களோடு சேர்த்து வாசித்திருக்கிறார். கொஞ்சம் தாராளமாகக் கற்பனை சேர்த்த பதிவுதான், ஆனால் உயிரோடு இருக்கிறது.

இனி ஸ்கார்லாட்டி. இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

டொமெனிகோ ஸ்கார்லாட்டி 1685-ல் நேப்பிள்ஸில் பிறந்தார். பாக், ஹேன்டல் பிறந்த அதே ஆண்டு. லிஸ்பனில் போர்ச்சுகல் மன்னரின் மகள் மரியா பார்பராவுக்கு ஆசிரியரானார். 1729-ல் அந்தப் பெண் ஸ்பானிய இளவரசரை மணந்தபோது ஆசிரியரும் கூடவே போனார். முதலில் நான்கு ஆண்டு செவில் நகரம், பிறகு மாட்ரிட். 1757-ல் அங்கேயே இறந்தார். கிட்டத்தட்ட முப்பது ஆண்டு அவருடைய முதன்மையான வேலை ஒரே ஒரு மாணவிக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவருக்காக எழுதுவதும்தான். பின்னாளில் ராணியான அந்த மாணவி சாதாரண மாணவி இல்லை. அவருக்காக எழுதிய இந்த சொனாட்டாக்களை, அதாவது சிறிய விசைப்பலகைத் துண்டுகளை, வாசிக்கக்கூடியவராக இருந்திருந்தால் அவர் கை எப்படிப்பட்ட கையாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மொத்தம் 555 சொனாட்டா. அவருடைய கையெழுத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ராணிக்காக அழகாகப் படியெடுத்துக் கட்டிய தொகுதிகளை, ராணி இறந்த பிறகு, அந்த அரண்மனையில் இருந்த புகழ்பெற்ற பாடகர் ஃபரினெல்லி இத்தாலிக்குக் கொண்டுபோனார். அவை இப்போது வெனிஸ் நூலகத்தில் இருக்கின்றன. அந்தத் தொகுதிகள் தப்பியதால்தான் இவ்வளவும் நமக்குக் கிடைத்தது. பெயருக்குப் பக்கத்தில் வரும் கே எண், ரால்ஃப் கிர்க்பாட்ரிக் 1953-ல் போட்ட வரிசை. எண்ணைப் பார்த்துத் தேடினால் போதும்.

இதை இத்தாலிய இசை என்று அலமாரியில் வைப்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கே 141-ஐக் கேளுங்கள். வலது கையில் ஒரே சுரம் படபடவென்று திரும்பத் திரும்ப விழும், ஒரே தந்தியில் விரல்களை மாற்றி மாற்றி மீட்டுவதுபோல. இடது கை அடிக்கும் கார்டுகளில், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கூட்டங்களில், சேரக்கூடாத சுரங்கள் சேர்ந்திருக்கும். ஒலி நெருநெருவென்று கடிக்கும். கிட்டார் வாசித்துப் பார்த்தவர்களுக்கு இது என்னவென்று உடனே தெரியும்: எல்லாத் தந்தியையும் உரசும்போது, விரல் வைக்காத வெறும் தந்தியும் சேர்ந்து ஒலிக்குமே, அந்தக் கலப்பு. ஒரு ஹார்ப்சிகார்டில் அதை யாரும் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. ஆசைப்பட்டு எழுதியிருக்கிறார். கே 119-ல் இந்தக் கடித்தல் இன்னும் அதிகம். நடுவில் ஓரிடத்தில் கார்டுகள் அடுக்கடுக்காகத் தடித்துக்கொண்டே போகும், முதன்முறை கேட்டபோது வாசிப்பவர் தவறவிட்டுவிட்டார் என்றே நினைத்தேன்.

எல்லாமே இப்படி அதிரடி என்று எண்ண வேண்டாம். கே 208 மெதுவாக நடக்கும். இடது கை சீராக அடியெடுத்து வைக்க, மேலே ஒரு குரல் தயங்கித் தயங்கிப் பாடும். கே 87 நான்கு குரல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு போகும், துக்கம் என்றும் சொல்ல முடியாது. இரவில் கேட்கத்தக்கது. கே 380-ல் தூரத்து ஊர்வலம் ஒன்று போகும்.

தன் வாழ்நாளில் அவர் அச்சுக்குக் கொடுத்த முப்பது சொனாட்டாக்களின் முன்னுரையில், ஆழ்ந்த பாண்டித்தியத்தை இதில் எதிர்பார்க்காதீர்கள், கலையோடு விளையாடுகிற சாதுரியம்தான் இருக்கிறது என்ற பொருளில் எழுதினார். அடக்கத்துக்காகச் சொன்னது. விளையாட்டு இருக்கிறது, ஆனால் அதற்குள் இருக்கும் தனிமை அந்த முன்னுரையில் இல்லை.

ஹார்ப்சிகார்டா, பியானோவா? இரண்டும் கேளுங்கள், ஆனால் கே 141-ம் 119-ம் முதலில் ஹார்ப்சிகார்டில். பியானோவில் அந்தக் கார்டுகள் வட்டமாகிவிடும், பல் போய்விடும். மாறாக 87, 208 பியானோவிலும் நன்றாகப் பாடும். ஸ்காட் ராஸ் 1980-களில் 555-ஐயும் பதிவு செய்தார், சிடியில் 34. முழுதும் கேட்க வேண்டியதில்லை, ஒரு நாளைக்கு மூன்று என்று வைத்துக்கொண்டால் சலிக்காது. பியர் ஹன்டாயின் பதிவுகள் இன்னும் துடிப்பானவை. இன்னொன்று, ஹார்ப்சிகார்டு பதிவுகளைக் குறைந்த சத்தத்தில் கேளுங்கள். கூட்டிவைத்தால் பத்தே நிமிடத்தில் காது களைத்துவிடும், பிறகு பழி கருவியின் மேல் விழும்.

கோயில் இசை, மேடை இசை இரண்டையும் விட்டுவிட முடியாது, ஆனால் அங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. 1734 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு மாட்ரிட்டின் பழைய அரண்மனை தீப்பிடித்தது. வெலாஸ்கெஸின் 'லாஸ் மெனினாஸ்' ஓவியத்தைக் காப்பாற்றினார்கள், ஆனால் நூற்றுக்கணக்கான ஓவியங்கள் போயின. அரண்மனைக் கோயிலின் இசை ஏடுகளும் பெரும்பாலும் எரிந்துபோயின. பிறகு கோயிலுக்குப் பாட இசை வேண்டுமே என்று ஹோசே டெ நெப்ரா போன்றவர்களைக்கொண்டு புதிதாக எழுத வைத்தார்கள். நெப்ராவும் அவருக்கு மூத்தவரான செபஸ்டியான் டுரோனும் எழுதியவற்றில் சில இன்று குவாதமாலா தேவாலயத்தின் ஏடுகளில்தான் கிடைக்கின்றன. மாட்ரிட்டில் எரிந்தது கடலுக்கு அப்பால் தப்பியிருந்தது.

மேடையில் இருந்தது சர்சுவேலா. பாதி பேச்சு, பாதி பாட்டு. மாட்ரிட் அருகே ராஜ குடும்பத்தின் வேட்டை மாளிகைக்கு அந்தப் பெயர், அதிலிருந்து நாடகத்துக்கும் வந்தது. லிட்டெரெஸ் 1708-ல் எழுதிய 'அசிஸும் கலாத்தேயாவும்' நாடகத்திலிருந்து 'நம்பிக்கொண்டிருக்கும் சிறுகுருவியே' என்று தொடங்கும் பாட்டு ஒன்று போதும், ஏன் சொல்கிறேன் என்று தெரியும். நெப்ராவுடையதில் 1743-ன் 'காதலின் இன்பம் காற்று'. லோபெஸ் பான்ஸோவின் அல் அய்ரே எஸ்பன்யோல் குழு இந்த வகைப் படைப்புகள் பலவற்றைத் தூசி தட்டி மேடைக்குக் கொண்டுவந்தது. சோப்ரானோ மரியா பாயோ பாடிய பரோக் சர்சுவேலாப் பாட்டுத் தொகுப்பையும் தேடிப் பாருங்கள். இத்தாலிய பாணித் தனிப்பாட்டான ஆரியா ஒன்று முடியும், அடுத்ததே காஸ்டனெட் என்ற கைக்கட்டைகள் தட்டும் சத்தத்தோடு செகிடியா என்ற ஸ்பானிய நாட்டுப்புற நடனப் பாட்டு வரும்.

இந்த இத்தாலியக் கலப்பு அன்றே சண்டையானது. ஃபெய்ஹோ என்ற துறவி அறிஞர் 1726-ல் கோயில் இசையைப் பற்றி எழுதிய கட்டுரையில், அந்நிய இசைக்குக் கதவைத் திறந்துவிட்டவர் என்று டுரோனைக் குற்றம் சாட்டினார். டுரோன் பதில் சொல்ல உயிரோடு இல்லை. ஸ்பானிய அரியணைக்கான வாரிசுரிமைப் போரில் தோற்ற பக்கம் நின்றதற்காக 1706-ல் நாடு கடத்தப்பட்டு, பிரான்ஸில் 1716-ல் இறந்துபோயிருந்தார். அவர் இசையைக் கேட்டால் அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் குறைவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆர்கனுக்கு வலென்சியாவின் ஹுவான் கபனில்யெஸ். 1644 முதல் 1712 வரை வாழ்ந்தவர். நான் முதலில் முட்டிக்கொண்டது இவரிடம்தான், தவறு என்னுடையது. ஸ்பானிய ஆர்கனில் ஒரே விசைப்பலகையை நடுவில் இரண்டாகப் பிரித்து, இடது கைக்கு ஒரு ஒலி, வலது கைக்கு வேறு ஒலி வைக்கலாம். எக்காளக் குழாய்களைப் படுக்கைவாட்டில் நீட்டி, கேட்பவரின் முகத்துக்கு நேரே ஊத விட்டிருப்பார்கள். இது தெரிந்த பிறகு, பழைய ஸ்பானிய ஆர்கன் ஒன்றிலேயே வாசித்த பதிவாகப் பார்த்துக் கேட்டேன். வேறு இசையாகவே இருந்தது. முரண் சுரங்களை வேண்டுமென்றே இழுத்து நிறுத்தும் 'டியென்டோ டெ ஃபல்சாஸ்' வகையில் தொடங்குங்கள்.

இப்போது ஃபண்டாங்கோ என்ற ஸ்பானிய நடனம். பாத்ரே அன்டோனியோ சொலேர் கட்டலோனியாவில் ஓலோட்டில் 1729-ல் பிறந்தார், மோன்செராட் மடத்தில் சிறுவர் பாடகராக வளர்ந்தார், 1752-ல் எஸ்கோரியல் மடத்தில் துறவியானார், 1783-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அவர் பெயரில் இருக்கும் ஃபண்டாங்கோ அவருடையதுதானா என்று ஆய்வாளர்களிடையே ஐயம் உண்டு. யார் எழுதியிருந்தாலும், ஸ்பானிய இசையைக் கேட்கிறேன் என்பவர் இதைத் தவிர்க்க முடியாது.

இடது கையில் இரண்டே கார்டு, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும், பத்து நிமிடத்துக்கு மேல் பெரிதாக மாறாது. மேலே வலது கை பைத்தியம் பிடித்ததுபோல் ஓடும், குதிக்கும், திடீரென்று கொஞ்சும். நம் காதுக்குப் புரியும்படி சொன்னால், மேற்கத்திய 'டி' சுரத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் இந்த இசை ஷட்ஜத்துக்கு வந்து வந்து போகுமே தவிர அங்கே உட்காராது. அதன் கண்ணெல்லாம் பஞ்சமத்தின் மேல். முடியும்போதும் பஞ்சமத்திலேயே நின்றுவிடும். அந்தப் பஞ்சமத்திலிருந்து சுரங்களை எண்ணினால் வகுளாபரணத்தின் வரிசை வரும். வரிசை மட்டும்தான். கமகம் கிடையாது, ராக சஞ்சாரமும் கிடையாது, ஆகவே ஒப்பீட்டை அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் முதல் முறை கேட்கும் தமிழ்க் காதுக்கு இது ஏன் அந்நியமாகப் படவில்லை என்பதற்கு அது ஒரு காரணம்.

முடிந்தபிறகும் முடியாததுபோல் ஓர் உணர்வு இருக்கும். முதன்முதலாகக் கேட்டபோது பதிவு பாதியில் அறுந்துவிட்டது என்று நினைத்து மறுபடி போட்டேன்.

அன்று ஐரோப்பா முழுவதையும் இந்த நடனம் பிடித்து ஆட்டியது. மொஸார்ட்டும் 'ஃபிகாரோவின் திருமணம்' மூன்றாம் அங்கத்தில் ஒரு ஃபண்டாங்கோ வைத்தார், ரொம்ப மரியாதையான ஃபண்டாங்கோ. அதையும் சொலேருடையதையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். பொக்கெரினியின் நான்காம் கிட்டார் குவின்டெட்டின் கடைசிப் பகுதியும் ஃபண்டாங்கோதான். பெரும்பாலும் காஸ்டனெட்டும் சேர்த்து வாசிப்பார்கள், தவறில்லை. ஆந்த்ரெயாஸ் ஷ்டையர் ஹார்ப்சிகார்டில் ஃபண்டாங்கோக்களை வைத்தே ஒரு தொகுப்பு செய்திருக்கிறார். அது என் வீட்டில் அதிகம் ஓடியது.

சொலேரின் இன்னொரு முகம், இரண்டு ஆர்கனுக்கான ஆறு கான்செர்டோக்கள். இளவரசர் கபிரியேலுக்கு ஆசிரியராக இருந்தபோது, மாணவரும் தானும் எதிரெதிரே உட்கார்ந்து வாசிக்க எழுதியவை. ஒருவர் சொல்ல மற்றவர் பதில் சொல்வார். குழந்தைகளோடு சேர்ந்துகூடக் கேட்கலாம்.

சொலேர் கேட்டவர்கள் பலர் தவறவிடும் பெயர் மானுவெல் பிளாஸ்கோ டெ நெப்ரா. முன்னால் சொன்ன நெப்ராவின் அண்ணன் தம்பி வழி உறவு. செவில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார், 1784-ல் முப்பத்து நான்கு வயதில் போய்விட்டார். மிஞ்சிய சொனாட்டாக்கள் கொஞ்சம்தான். அவற்றின் மெதுவான பகுதிகளில் ஹாவியர் பெரியானெஸ் பியானோவில் வாசிக்கும்போது எடுத்துக்கொள்ளும் அவகாசம் அபூர்வமானது.

இடையில் இரண்டு வார்த்தை. ஹைடன் ஸ்பெயினுக்குப் போனதே இல்லை, ஆனால் 'சிலுவையில் ஏழு வார்த்தைகள்' காடிஸ் நகரத்திலிருந்து வந்த கோரிக்கைக்காக 1780-களின் நடுவில் எழுதியது. பெரிய வெள்ளி வழிபாடு, சுவரும் ஜன்னலும் தூணும் கறுப்புத் துணியால் மூடி, நடுவில் ஒரே ஒரு விளக்கு. ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிப் பிரசங்கம் முடிந்ததும் ஆயர் பீடத்தின் முன் முழந்தாளிட, அந்த இடைவெளியில் இசை. ஏழு மெதுவான பகுதிகளை அடுத்தடுத்து, கேட்பவர் களைக்காமல் எழுதுவது சுலபமாக இல்லை என்று ஹைடனே சொல்லியிருக்கிறார். அப்புறம் வலென்சியாவின் மார்ட்டின் இ சொலேர். வியன்னாவில் 1786-ல் அவருடைய 'ஓர் அபூர்வப் பொருள்' ஓபரா மொஸார்ட்டின் ஃபிகாரோவைவிடக் கொண்டாடப்பட்டது. அடுத்த ஆண்டு டான் ஜியோவானியின் விருந்துக் காட்சியில் மேடை வாத்தியக்காரர்கள் வாசிக்கும் முதல் மெட்டு இவருடையதுதான். அந்த இடத்தை எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள்.

கிட்டாரின் நிழல் அதிகம் விழாத ஒருவர் அரியாகா. பில்பாவோவில் 1806 ஜனவரி 27 அன்று பிறந்தார். மொஸார்ட் பிறந்த நாளுக்குச் சரியாக ஐம்பது ஆண்டு கழித்து. பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே ஓர் ஓபரா. 1821-ல் பாரிஸுக்குப் படிக்கப் போனார். 1824-ல் மூன்று ஸ்ட்ரிங் குவார்ட்டெட் அச்சாயின. உயிரோடு இருக்கும்போது அச்சேறியவை அவ்வளவுதான். 1826 ஜனவரி 17, இருபது வயது நிறையப் பத்து நாள் இருக்கும்போது பாரிஸில் இறந்தார். மோன்மார்த்ர் கல்லறையில் பெயர்ப் பலகை இல்லாமல் புதைத்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்லி இசையை அனுதாபத்தோடு கேட்கவைக்க எனக்கு விருப்பமில்லை. குவார்ட்டெட்டுகளுக்கு அனுதாபம் தேவையில்லை. முதலாவது, டி மைனர், ஆரம்ப வரியிலேயே பிடித்துக்கொள்ளும். மூன்றாவதில் நாட்டுப்புறக் காட்சி ஒன்று, அமைதியான மெட்டு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்கு கருவிகளும் நடுங்கி மழைக்காற்று கிளம்பும். பீத்தோவனின் ஆரம்பகாலக் குவார்ட்டெட்டுகள் தெரிந்தவருக்கு இங்கே நுழைய எந்தத் தடையும் இருக்காது. காஸல்ஸ் குவார்ட்டெட் பதிவு கிடைத்தால் அதுவே போதும். டி-யில் எழுதிய அவருடைய சிம்பொனி மேஜருக்கும் மைனருக்கும் நடுவே நின்று தவிப்பதையும் கேளுங்கள்.

கடைசியாக ஃபெர்னான்டோ சோர். 1778-ல் பார்சிலோனாவில் பிறந்தார், சொலேரைப்போலவே மோன்செராட் மடத்துப் பள்ளியில் வளர்ந்தார். இதற்குள் கிட்டாருக்கு ஆறு ஒற்றைத் தந்தி வந்துவிட்டது, இன்றைய கிட்டாரின் அண்ணன் என்று சொல்லலாம். நெப்போலியன் படை ஸ்பெயினைப் பிடித்தபோது சோர் பிரெஞ்சு நிர்வாகத்தில் பதவி ஏற்றார். அவர்கள் தோற்றுப் பின்வாங்கியபோது 1813-ல் அவர்களோடு நாட்டைவிட்டு வெளியேறினார். திரும்பவே இல்லை. பாரிஸ், லண்டன், மாஸ்கோ, மறுபடி பாரிஸ், 1839-ல் மரணம்.

மொஸார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' மெட்டொன்றின் மேல் அவர் செய்த ஓபஸ் 9 எல்லோரும் வாசிப்பார்கள். நல்லதுதான். ஆனால் ஊரைவிட்டு வருவதற்கு முன் அவர் எழுதிய செகிடியா பாட்டுகளைக் கேட்டீர்களானால், குரலும் கிட்டாரும் மட்டும், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம்கூட வராது, மாட்ரிட் தெருவே வந்து நிற்கும். மாணவர்களுக்காக எழுதிய ஓபஸ் 35-ல் 22-ம் எண் பி மைனர் பயிற்சி, கிட்டார் கற்கும் எல்லோர் வீட்டிலும் கேட்கும் ஒன்று. நல்ல கையில் அது பயிற்சியாக இருக்காது.

சோர் விரல் நுனிச் சதையால் மீட்டுவார், நகம் கூடாது என்பார். அவருடைய நண்பர் மாட்ரிட்டின் டியோனிசியோ அகுவாடோ நகத்தால் மீட்டுவார். இருவரும் சேர்ந்து வாசிக்க சோர் எழுதியது 'இரு நண்பர்கள்', ஓபஸ் 41. நல்ல ஜோடி வாசித்தால் ஒரு கிட்டார் உருண்டையாகவும் இன்னொன்று கூர்மையாகவும் பேசுவது தனித்தனியே கேட்கும்.

அப்புறம் ஓபஸ் 59, இறந்துபோன சார்லட் என்ற தோழியின் நினைவாக எழுதிய ஃபான்டசி. இருபது நிமிடத்துக்குப் பக்கம் வரும், அவசரத்தில் கேட்க வேண்டாம். இரண்டாம் பகுதி சவ ஊர்வல நடை. முடிவுக்கு அருகே ஏட்டில் சுரங்களுக்குக் கீழே சோர் 'சார்லட்! போய் வா' என்று எழுதிவைத்திருக்கிறார். யாரும் அதைப் பாடுவதில்லை. கிட்டார் மட்டும் அந்தச் சொற்களின் அளவுக்கு நின்று நின்று ஒலித்துவிட்டுப் போகும்.